கை கால் விழாமலும் பக்கவாதம் வரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலக பக்கவாத தினமான அக்டோபர் 29ஐ ஒட்டி நம் நாளிதழில் ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. வாய் கோணினால், கை தூக்க வராவிட்டால், பேச்சுக் குழறினால் நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று படத்தோடு போட்டிருந்தீர்கள். நல்ல காரியம், எங்கள் ஊர் டீக்கடைக்காரர் அதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டியே வைத்திருக்கிறார். ஆனால் என்னை மாதிரி ஆட்கள் யாரும் அந்தப் பக்கத்தில் இல்லை. எனக்கும் வந்தது பக்கவாதம்தான், ஸ்கேனில் தெரிகிறது, டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறது. வாய் கோணவில்லை. ரெண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். போனது முக்கியமாகப் பேலன்ஸ்தான், அது இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. இதைப் பற்றி யாரும் எழுதக் காணோம் என்பதால் நானே எழுதுகிறேன். நீளமாகிவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், மாத்திரை பற்றியும் சலூன் பற்றியும் எழுதியிருப்பதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் பல்லடம் பக்கம். கூலிக்குத் தறி ஓட்டுகிறவன். ஜவுளிக்காரர் பாவும் ஊடையும் (நீளவாக்கு நூலும் குறுக்கு நூலும்) கொடுப்பார், நாங்கள் காடா துணி நெய்து கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவோம். பிபி ரொம்ப வருசமாக உண்டு. அன்றைக்குக் காலையில் தறிக்குடோனில் அறுந்த இழையை முடிபோட்டுவிட்டு நிமிர்ந்தேன், குடோனே சுற்றியது. உட்கார்ந்தும் நிற்கவில்லை, வாந்தி, எழுந்து நிற்கப் பார்த்தால் இடது பக்கமாக யாரோ பிடித்து இழுத்தது போல விழுகிறேன். கை கால் எல்லாம் சொன்னபடி கேட்கிறது, பேச்சு வருகிறது, தொண்டை மட்டும் கட்டின மாதிரி இருந்தது, அப்புறம் விடாமல் விக்கல். வீட்டில் பித்தம் என்றார்கள். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சுகர் இறங்கியிருக்கும் என்று சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். எங்கள் அம்மா எலுமிச்சம்பழத்தைச் சுற்றி முச்சந்தியில் போட்டுவிட்டு வந்தார். முதலில் கூட்டிப் போன ஆஸ்பத்திரியில் காதுப் பிரச்சினை என்று ஊசி போட்டு, ரெண்டு நாள் படுத்திருந்தால் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் தண்ணீர் குடித்தால் புரையேறி மூக்கு வழியாக வர ஆரம்பித்த பிறகுதான், இது வேற என்னமோ என்று என் மகள் சண்டை போட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே இருந்த நரம்பியல் டாக்டர் விளக்கிச் சொன்னதைத்தான் உங்கள் பக்கத்தில் எதிர்பார்த்தேன். கழுத்தெலும்புகளுக்கு ஊடே இரண்டு ரத்தக்குழாய்கள் பின்மண்டைக்கு ஏறிப் போகின்றன. சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் ரத்தம் கொடுப்பது அவைதான். ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இந்தப் பின்பக்கத்தில் வருகிறது. அப்படி வந்தால் கை கால் விழாமலே இருக்கலாம். திடீரென்று கிறுகிறுப்பு, பிடிக்காமல் நிற்கவோ நடக்கவோ முடியாத தள்ளாட்டம், ஒரு பொருள் ரெண்டாகத் தெரிவது, விழுங்கச் சிரமம், குரல் மாறுவது, இதுவரை வராத மாதிரி பின்மண்டை வலி, இவைதான் அதற்கு அடையாளம். எல்லாம் ஒரே ஆளுக்கு வரவேண்டும் என்று இல்லை. உங்கள் படத்தில் இருந்த முகம், கை, பேச்சு மூன்றோடு பேலன்ஸ், கண் என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் மருத்துவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த ரெண்டு படத்துக்கும் பக்கத்தில் இடம் இல்லாமல் போனதுதான் என் வருத்தம்.

இன்னொன்றும் சொன்னார். சாதாரண சிடி ஸ்கேனில் ரத்தக் கசிவு உடனே தெரிந்துவிடும், ஆனால் பின்மூளையில் புதிதாக வந்த அடைப்பு பல சமயம் தெரியாது. எம்ஆர்ஐ கூட முதல் ஒன்றிரண்டு நாளில் சில பேருக்கு ஒன்றுமில்லை என்று காட்டலாமாம். கண் எப்படி ஆடுகிறது, தலையைச் சட்டென்று திருப்பினால் பார்வை நிலைக்கிறதா, ஒரு கண்ணை மூடித் திறந்தால் கருவிழி மேலே கீழே நகர்கிறதா என்று பழகிய டாக்டர் பார்த்தாலே இது காதா மூளையா என்று பெரும்பாலும் பிடித்துவிடலாம். அந்தக் கண் சோதனை ஆரம்பத்தில் எடுக்கும் எம்ஆர்ஐயை விடத் தவறவிடாமல் பிடிக்கிறது என்று 2009இல் ஒரு ஆய்வே வந்திருக்கிறது. அதனால் ‘சிடி நார்மல்’ என்று சீட்டு கையில் வந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஆளை நிறுத்தி நடக்க வைத்துப் பாருங்கள். நடக்கவே முடியாத ஆளை வெறும் மயக்கம் என்று வீட்டுக்கு அனுப்பினால், ஏனுங்க டாக்டர், இவர் நடக்கவே முடியலையே என்று வாய்விட்டுக் கேளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது, எனக்கு அந்த நேரம் சர்க்கரைத் தண்ணீரிலும் எலுமிச்சம்பழத்திலும் முதல் ஆஸ்பத்திரியிலும் போய்விட்டது. 108க்குப் போன் பண்ணும்போதே ‘திடீர்னு தலை சுத்துது, நிக்க முடியல, பக்கவாதமா இருக்குமோன்னு பயமா இருக்கு’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

சலூன் விஷயம் இதோடு சேர்ந்ததுதான். ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் கேட்ட முதல் சில கேள்விகளில் ஒன்று, சமீபத்தில் சலூனில் கழுத்தைத் திருப்பி சொடக்கு எடுத்தீர்களா என்பது. எனக்குக் காரணம் பிபிதான் என்று அப்புறம் தெரிந்தது. ஆனாலும் கேட்டதும் திக்கென்று இருந்தது, ஏனென்றால் முடிவெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு வெட்டு அந்தப் பக்கம் ஒரு வெட்டு வெட்டிச் சத்தம் வரவைக்காமல் விட்டால் முழுத் திருப்தி இல்லாத ஊர் நம் ஊர். நம் சொல்லுக்குத்தான் அவர்கள் செய்கிறார்கள், முடிவெட்டுகிற தம்பியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்படி வெடுக்கென்று திருப்பும்போது, நான் மேலே சொன்ன அந்தக் கழுத்து ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் கட்டி, அது பின்மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் வயசு பார்ப்பதில்லை, முப்பது நாற்பது வயசுக்காரர்களுக்கும் வருகிறது. தலைக்கு எண்ணெய் மசாஜ் எல்லாம் பண்ணிக்கொள்ளுங்கள், கழுத்தை மட்டும் ஒடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதைச் சொல்கிறேன். சுற்றுவது சில வாரங்களில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வந்தது ஆட்டம். பவானி ஆற்றில் பரிசலில் நின்றுகொண்டு வந்திருந்தால் தெரியும், கால் இருக்கிற இடம் கால் நினைக்கிற இடத்தில் இருக்காது, அந்த மாதிரி எங்கள் வீட்டு சிமெண்ட் தரை இருந்தது. படுத்தால் நிம்மதி, உட்கார்ந்தால் பரவாயில்லை, எழுந்தால் இடது பக்கம் இழுக்கும். சுவரோரமாக நடந்து நடந்து இடது தோளில் சட்டை எல்லாம் சுண்ணாம்பு. இன்னொரு வேடிக்கை, இடது கன்னத்திலும் வலது பக்கக் கை காலிலும் சூடு குளிர் தெரியாது. சுடுதண்ணீர் பதமாக இருக்கிறதா என்று வலது கையை விட்டுப் பார்த்தால் பச்சைத்தண்ணி மாதிரி இருக்கும், அதை இடது கையில் ஊற்றினால் கொதிக்கும். மூளைத்தண்டில் அந்த இடத்தில் அடைத்தால் முகத்தில் ஒரு பக்கமும் உடம்பில் எதிர்ப்பக்கமும் இப்படி ஆகும், நரம்புகள் குறுக்கே மாறிப் போவதால் என்றார்கள். இப்போதும் எனக்குத் தண்ணி வாக்க விளாவி வைப்பது என் வீட்டுக்காரம்மாதான்.

மனிதன் விழாமல் நிற்பதற்கு மூளைக்கு மூன்று இடத்திலிருந்து தகவல் போகிறதாம். கண், உள்காது, அப்புறம் பாதமும் மூட்டும். மூன்றையும் கூட்டிச் சேர்த்துக் கணக்குப் போடும் இடத்தில்தான் எனக்கு அடி. அதனால் கண்ணையும் பாதத்தையும் நம்பித்தான் நிற்கிறேன், அதில் ஒன்றைப் பிடுங்கினாலும் ஆள் சாய்ந்துவிடுவேன். இது தெரிந்த பிறகுதான் எனக்கே பல விஷயம் புரிந்தது. ராத்திரி கரண்ட் போனால் ஏன் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை, தலைக்கு அரப்புத் தேய்த்துக் கண்ணை மூடும்போது ஏன் கிணற்றுக்குள் போகிற மாதிரி வருகிறது, கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டால் ஏன் பக்கத்தில் நிற்பவர் மேல் சாய்கிறேன், உழுத காட்டில் மண் பொதபொதவென்று இருக்கும் இடத்தில் ஏன் நாலு அடி வைக்க முடியவில்லை, எல்லாம் இதுதான். சர்க்கரை வியாதி இருந்து பாதம் மரத்துப்போனவர்களுக்குக் காலும் சேர்ந்து பொய் சொல்லும், அவர்கள் பாடு இன்னும் கஷ்டம். தென்னை மரத்தை அண்ணாந்து பார்ப்பது, குனிந்து செருப்பு வார் மாட்டுவது, இந்த ரெண்டும் இன்றைக்கும் எனக்கு ஆகாது.

கண்ணை நம்புவதிலும் ஒரு தொல்லை உண்டு. எதிரே ஏதாவது ஆடிக்கொண்டே இருந்தால், ஆடுவது அதுவா நானா என்று மூளைக்குக் குழப்பம் வந்துவிடுகிறது. என் பிழைப்பே அதில்தான். தறியில் ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடா இப்படியும் அப்படியும் ஓடிக்கொண்டே இருக்கும், பலகை முன்னும் பின்னும் அடிக்கும், எட்டுத் தறி ஒன்றாக ஓடும் குடோனில் போய் நின்றால் சித்த நேரத்தில் குமட்டும். ஆரம்பத்தில் வாசலில் நின்று ஒரு தறியை மட்டும் பார்ப்பேன், அப்புறம் உள்ளே போய் ரெண்டு தறி, இப்படிப் பழக்கித்தான் இப்போது கொஞ்ச நேரம் நிற்கிறேன். பாவு பிணைப்பது மாதிரி வேலைக்கு ஆள் வைத்திருக்கிறோம், நான் உட்கார்ந்து தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் குச்சி) சுற்றுவதும் கணக்குப் பார்ப்பதும்தான். செல்போனில் வீடியோவை விரலால் வெசையாகத் தள்ளிக்கொண்டே போனாலும் இதே கதி, பேரன் என் கண்ணுக்கு முன்னால் அதைச் செய்தால் அக்கட்டால போ சாமி என்று விரட்டிவிடுவேன். உடுமலை ரோட்டில் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் பக்கம் காற்றாலை இறக்கை சுற்றுவதைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அன்றைக்குப் பொழுது போச்சு. ஆடி மாசக் காற்று பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து எங்கள் பக்கம் அப்படி அடிக்கும், நல்ல ஆளே வேட்டியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துதான் நடப்பார். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று பழமொழி, அம்மியைப் பற்றி எனக்குத் தெரியாது, நான் பறப்பேன்.

இதையெல்லாம் கூடத் தாங்கிக்கொள்ளலாங்க, ஊர் வாய்தான் தாங்க முடியாதது. சிறுமூளை கெட்டால் நடக்கிற நடையும் சாராயம் குடித்தவன் நடையும் ஒன்றேதான், ஏனென்றால் சாராயம் போய்த் தாக்குவதும் அதே இடத்தைத்தான். காலை அகட்டி வைத்து, அளவு தெரியாமல் எட்டுப் போட்டு, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போவேன். ‘ஏனுங்க, காத்தாலயே ஆரம்பிச்சுட்டீங்களா?’ என்று முகத்துக்கு நேரே கேட்டவர் இருக்கிறார். ஒரு கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்காரப் போகும்போது, பெண் வீட்டுக்காரர் ஒருவர் என் மகனைத் தனியாகக் கூப்பிட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் ரூமில் படுக்க வைப்பா என்று சொல்லியிருக்கிறார். வாழ்நாளில் டாஸ்மாக் பக்கம் போகாதவன் நான். அதற்காகவே கொஞ்ச நாள் வெளியே போவதை விட்டிருந்தேன், மகள்தான் ஒரு கைத்தடி வாங்கிக் கொடுத்தாள். தடி எனக்கு ஊன்றத் தேவைப்படுவதை விட, இவர் குடிக்கவில்லை, உடம்புக்கு முடியாதவர் என்று அடுத்தவருக்குச் சொல்லத்தான் அதிகம் உதவுகிறது. கேலி பேசின அதே ஆள் இப்போது வழி விடுகிறார்.

குடிகாரன் என்று சொல்லாதவர்கள் ‘நல்லாத்தானே இருக்கீங்க’ என்பார்கள். ஒறம்பரை (உறவுக்காரர்கள்) வந்தால் எல்லோரும் முதலில் சொல்வது இதுதான், அன்பாகத்தான் சொல்கிறார்கள். எங்கள் அம்மிச்சிக்கு (அம்மாவின் அம்மா) பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது ஊரே வந்து பார்த்தது, ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள், புறா ரத்தம் தேய்க்கச் சொன்னவர்கூட உண்டு (தேய்த்தும் பார்த்தார்கள், புறா செத்ததுதான் மிச்சம்). எனக்குக் கை காலில் ஒன்றும் இல்லை என்பதால் வியாதியே இல்லை என்று ஆகிவிட்டது. நின்றுகொண்டு ரெண்டு பேரிடம் பேசுவதற்கே எனக்கு எவ்வளவு கவனம் போகிறது என்பது வெளியே தெரியாது. மற்றவர்களுக்குத் தானாக நடப்பதை நான் ஒவ்வொரு நொடியும் யோசித்துச் செய்கிறேன், அதனால் மத்தியானத்துக்குள் அசந்துவிடுகிறேன். இந்த அசதி சோம்பேறித்தனம் இல்லைங்க, பக்கவாதம் வந்தவர்களில் ரொம்பப் பேருக்கு இது இருக்கிறது, மாசக்கணக்கில் வருசக்கணக்கில்கூட நிற்கும். எங்காவது முக்கியமான இடத்துக்குப் போக வேண்டும் என்றால் முந்தின நாளும் காலையிலும் ஓய்வெடுத்துவிட்டுத்தான் போகிறேன்.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். தலைசுற்றலும் வாந்தியும் அடங்க சின்னாரிசின், புரோகுளோர்பெரசின் மாதிரி மாத்திரைகள் கொடுப்பார்கள். முதல் சில நாளைக்கு அது தேவைதான், இல்லாவிட்டால் சாப்பிடவே முடியாது. ஆனால் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு மெடிக்கலில் மாசா மாசம் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். இந்த மாதிரி அமுக்கி வைக்கும் மாத்திரையை நீட்டிக்கொண்டே போனால், மூளை புதுசாகக் கணக்குப் போட்டுப் பழகுவதும் தள்ளிப்போகிறது, தூக்கம் வேறு, வயசானவர்களுக்குக் கை நடுக்கமும் உடம்பு இறுகுவதும்கூட வரலாம். டாக்டரிடம் போய், இதை இன்னும் எத்தனை நாள் சாப்பிடணும்ங்க என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். அதைவிட முக்கியம், ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை, பிபி, சுகர், கொழுப்பு மாத்திரை இவைகளை எந்தக் காரணத்துக்கும் விட்டுவிடாதீர்கள், அடுத்த அடைப்பைத் தடுப்பது அவைதான். பிபி மாத்திரை சாப்பிட்டால் எழும்போது கண் இருட்டுகிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொன்னால் அளவையோ நேரத்தையோ மாற்றுவார். அதுவரை படுக்கையில் சித்த நேரம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு, பைய எழுந்திருங்கள்.

தலை சுற்றுகிறதா, பேசாமல் படு என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பாசத்தில் சொல்வது, ஆனால் கெடுதல். படுத்தே கிடந்தால் மூளைக்குப் பழகச் சந்தர்ப்பமே கிடைக்காது, தொடைச் சதை வற்றும், விழுந்துவிடுவோம் என்ற பயம் ஏறும், பயத்தில் இன்னும் அசையாமல் இருப்போம், அப்புறம் நிஜமாகவே விழுவோம். அசைந்தால்தான் ஆட்டம் குறையும் என்பது கேட்க ஏறுக்குமாறாக இருந்தாலும் அதுதான் வைத்தியம். 1940களில் இங்கிலாந்தில் காதோர்ன், குக்ஸி என்ற ரெண்டு மருத்துவர்கள் இதற்கென்று தலை, கண், உடம்பு அசைக்கும் பயிற்சிகளை ஏற்படுத்தினார்கள், இன்றைக்குச் சொல்லிக் கொடுக்கும் பயிற்சிகளில் பலவும் அதன் வழியில் வந்தவைதான். எனக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் (2021 ஆகஸ்டில் ஆரம்பித்தது) பிபி மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம் சொல்லி வைத்ததில், பிசியோ தம்பி ஒருவர் வீட்டுக்கே வந்தார். அந்தத் திட்டத்தில் பிசியோவும் வருவார் என்பது எங்கள் ஊரில் ரொம்பப் பேருக்குத் தெரியாது, கேட்டால்தான் தெரிகிறது.

அவர் சொல்லிக் கொடுத்ததைக் கொஞ்சம் எழுதுகிறேன், ஆனால் நேரில் ஒருவர் பார்த்து உங்களுக்கு எது ஆகும் என்று சொன்ன பிறகே செய்யுங்கள். சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறதல்லவா, அதில் பெரிதாக இருக்கும் தேதியைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் இடமும் வலமுமாக ஆட்ட வேண்டும், எண் கலங்காமல் தெரிய வேண்டும். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து, பழகினால் நின்றுகொண்டு, அப்புறம் நடந்துகொண்டே. ரெண்டு சுவர் சேரும் மூலையில் முதுகைக் கொடுத்து, முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காலைச் சேர்த்து வைத்து நிற்பது, விழுந்தாலும் சுவரிலோ நாற்காலியிலோதான் விழுவோம். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்காருவது. களத்தில் கோடு போட்டு அதன் மேல் குதிகாலும் கட்டை விரலும் தொடுகிற மாதிரி நடப்பது, இதற்கு மட்டும் பக்கத்தில் ஆள் வேண்டும். செய்யும்போது கிறுகிறுப்பு கொஞ்சம் கூடத்தான் செய்யும், சித்த நேரத்தில் அடங்கினால் சரி. நான் சலித்துக்கொண்டு விட்ட வாரங்களில் ஆட்டம் கூடியதை வீட்டுக்காரம்மாவே கண்டுபிடித்துவிடுவார். முதல் சில மாசங்களில் வெசையாகத் தெளிந்தது, இப்போது மெதுவாக, ஆனால் தெளிகிறது.

பக்கவாதம் வந்தவருக்குப் பிறகு வரும் தலைசுற்றல் எல்லாம் பக்கவாதத்தாலேயே என்றும் இல்லை. படுக்கையில் புரளும்போது மட்டும் அரை நிமிசம் சுற்றி நின்றால், அது உள்காதில் இருக்கும் கால்சியத் துகள் இடம் மாறியதாக இருக்கலாம், தலையைக் குறிப்பிட்ட விதமாகத் திருப்பிப் படுக்க வைத்து டாக்டரே சில நிமிசத்தில் சரிசெய்துவிடுவார். அதை வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் பயந்து கிடந்தவரை எனக்குத் தெரியும். ஆனால் திடீரென்று புதுசாக வந்து நிற்க முடியாமல் போனால் யோசிக்கவே வேண்டாம், மறுபடி 108தான். ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் விழுந்து தலையில் அடிபட்டால், மேலே காயம் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரியில் காட்டிவிட வேண்டும், உள்ளே கசிந்திருக்கலாம்.

வீட்டில் பெரிய செலவு ஒன்றும் செய்யவில்லை. பாத்ரூம் சுவரில் கைப்பிடி அடித்தோம், கீழே உட்காரும் கக்கூஸுக்கு மேலே போடுகிற நாற்காலி வாங்கினோம், நின்று குளித்ததை விட்டு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணி வாத்துக்கொள்கிறேன். கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை ராத்திரி எரிகிற சின்ன பல்பு, கரண்ட் போனால் எரியும் சார்ஜ் லைட் தலைமாட்டில். வாசலில் போட்டிருந்த கால்மிதி அத்தனையும் எடுத்துவிட்டோம், வாசப்படிக்கு மஞ்சள் பெயிண்ட். தோட்டத்துக் கிணற்றுக்குத் தடுப்புச் சுவர் இல்லாமல் இருந்தது, அதைச் சுற்றிக் கம்பி கட்டியாயிற்று. நம் பக்கம் எத்தனை கிணறு தரையோடு தரையாகத் திறந்து கிடக்கிறது என்று பாருங்கள், நல்ல கண் இருப்பவர்களே விழுகிறார்கள். டிவிஎஸ் எக்ஸ்எல்லை மட்டும் விற்க மனசு வரவில்லை, இப்போது அதை ஓட்டுவது வீட்டுக்காரம்மா, நான் பின்னால். டாக்டர் சரி என்று சொல்கிற வரை வண்டியைத் தொடக் கூடாது, நேராகப் போகிற ரோட்டில் ஓட்டிவிடலாம் போலத்தான் தோன்றும், திரும்பிப் பார்க்கிற இடத்தில்தான் ஆள் போய்விடும்.

டவுன் பஸ் டிரைவர், கண்டக்டர் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொங்கு நாட்டில் பஸ்ஸுக்கு பஸ் நேரப் போட்டி, தெரியும். படியில் ஒரு காலை வைத்ததும் விசில் கொடுத்தால் மற்றவர்கள் கம்பியைப் பிடித்துச் சமாளித்துவிடுவார்கள், எங்களால் முடியாது. தடியோடு ஒருவர் ஏறினால் அவர் உட்கார்ந்த பிறகு எடுங்கள், இறங்குகிறவர் தரையில் ரெண்டு காலையும் வைத்த பிறகு எடுங்கள், வேறு ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து முன்னால் வந்து நில்லுங்க என்று ஸ்டாப் வருவதற்கு முன்பே விரட்டுவதும் வேண்டாம், ஓடுகிற பஸ்ஸில் நடப்பதுதான் எங்களுக்கு எல்லாவற்றையும் விடச் சிரமம்.

ரோட்டில் எங்களைப் பார்த்தால் எப்படி உதவுவது என்று கேட்கிறவர்களும் உண்டு. கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், உங்கள் முழங்கையை நீட்டுங்கள், நாங்களே பிடித்துக்கொள்கிறோம். எந்தப் பக்கம் சாய்வார் என்று கேட்டுக்கொண்டு அந்தப் பக்கமாக வாருங்கள். நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நாங்கள் நின்றுதான் பதில் சொல்லுவோம், கோபித்துக்கொள்ள வேண்டாம். அப்புறம் பின்னாலிருந்து பேரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடாதீர்கள், சட்டென்று திரும்புவோம், திரும்பினால் விழுந்தோம். நாலு எட்டு வெசையாக நடந்து முன்னால் வந்து கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தறிக்காரர்,
பல்லடம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.